மேல்வீட்டு மழை

மலையாளக் கரையில் துலாம் மாதத்து மழை, நம் ஐப்பசி மழை, சொல்லி வைத்தாற்போல் வரும். காலையில் வானத்தைப் பார்த்தால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடக்கும். மதியம் கிழக்கே பொன்முடிப் பக்கம் லேசாகக் கறுக்கும். மூன்று மணிக்கு இடி. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையை விரிப்பதற்குள் பாதி நனைந்திருப்பார்கள்.

அன்றைக்கு முதல் இடி விழுந்தபோது நாச்சியார் ஓட்டல் அடுக்களையில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்படியில் நின்ற மாஸ்டர் ஜெயன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சேச்சி பொய்க்கோ. பாக்கி ஞான் அரிஞ்சோளாம்" என்று அவளைப் போகச் சொன்னான். ஒரு மாதமாக இதுதான் நடக்கிறது. இடி இடித்தால் நாச்சியார் ஓடுவாள் என்பது அந்த ஓட்டலில் எல்லோருக்கும் தெரியும்.

ஓடுவதற்குக் காரணம் கட்டிலில் கிடந்தது. அவள் புருஷன் பேச்சிமுத்து. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பிழைக்க வந்த கொத்தனார். நல்ல வேலைக்காரர். சுவரைத் தொட்டுப் பார்த்தே சரிவைச் சொல்லிவிடுவார். சர்க்கரை நோய் வந்தது தெரியாமல் நாலைந்து வருஷம் நடந்து, ஆணி ஏறியது தெரியாமல் நாலைந்து நாள் நடந்து, ஆவணியில் சர்க்கார் ஆசுபத்திரியில் வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. தினம் கட்டு மாற்ற வேண்டும், நனையவே கூடாது. மகள் கௌசல்யா நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். விடுதியிலிருந்து தினமும் போனில் அப்பாவைக் கால் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள்.

நனையக் கூடாத காலை வைத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த இடம் அப்படி. பள்ளத்து லைன் என்று பேர். மேலே மெயின் ரோட்டில் தொடங்கிச் சரிவாக இறங்கும் சந்து. சரிவில் ஐந்து மாடி வீடுகள். சந்து முடிகிற இடத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி, கைகழுவின தண்ணீர்கூடத் தேடி வருகிற மாதிரி, நாச்சியார் வாடகைக்கிருந்த ஓட்டு வீடு. ஐந்து வீட்டு மொட்டை மாடியில் பெய்கிற மழையும் குழாய் வழியாக முற்றத்தில் இறங்கி, முற்றத்திலிருந்து சந்தில் இறங்கி, நேரே இவள் வாசலுக்கு வரும். ஓரத்து ஓடை ஒரு கை அகலம். அது என்ன செய்யும் பாவம், கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். அப்புறம் வாசற்படி, அப்புறம் நடைவீடு, அப்புறம் கட்டில்.

அன்று அவள் போனபோது வீட்டுக்குள் நாலு விரல் தண்ணீர். சாக்கடையும் மழையும் கலந்த கறுப்புத் தண்ணீர். அதில் நின்றுகொண்டு பேச்சிமுத்து அரிசி மூட்டையைத் தூக்கி மேடையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு எறங்குனீக?"

"அரிசி நனையுதுல்லா."

"நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவுது. அரிசியக் காயப்போடலாம். காலைக் காயப்போட முடியுமா?"

"வையாத ட்டீ. ஒரு நிமிசம்தான நின்னேன்."

அந்த ஒரு நிமிஷத்துக்கு மறுநாள் ஆசுபத்திரியில் பதில் கிடைத்தது. கட்டை அவிழ்த்த டாக்டர் பெண், சின்ன வயசு, முகத்தைச் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. "இனி ஒரு தடவ அழுக்கு வெள்ளம் பட்டா பாதம் எடுக்கண்டி வரும். கணுக்கால் வரை. மனசிலாயோ?" என்றாள். அந்த 'மனசிலாயோ'வை அவள் நாச்சியாரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது இருவருக்கும் ஒரே யோசனைதான். கொத்தனாருக்கு விரல் போனாலும் போகட்டும், பாதம் போனால் சாரத்தில் எப்படி ஏறுவது? வேறு வீடு பார்க்கலாம் என்றால், கால் கட்டோடு கிடக்கிற ஆளுக்கு யார் வீடு தருகிறார்கள்? இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாயிற்று.

சாயங்காலம் சரோஜம் வந்தாள். அந்த வார்டின் ஆஷா சுகாதார ஊழியை. வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை கொடுத்துக்கொண்டு போகிறவள். பதினைந்து வருஷமாகத் தமிழர் வீடுகளில் ஏறி இறங்கியதில் இரண்டு பாஷையும் ஒன்றாகிவிட்டது அவளுக்கு.

"இந்தா குளிக. ஆகாரம் கழிச்சிட்டு முழுங்கணும், கேட்டோ. நாச்சியாரே, நீ எத்தர தடவ இந்த வெள்ளத்த வாரி வெளிய ஊத்துவா?"

"பின்ன என்ன செய்ய சேச்சி? வருதே."

"கீழ வந்தப்புறம் ஒண்ணும் செய்யான் ஒக்காது. மேலத்த வெள்ளம் மேலத்தன்னே நிக்கணும். பண்டு இந்தச் சரிவு முழுக்க மண்ணாக்கும். தெங்கு, வாழ, எல்லாம் உண்டு. மழ பெய்ஞ்சா அவ்விடயே குடிச்சுக்கும். இப்போ அஞ்சு வீட்டு முற்றத்துலயும் இன்டர்லாக் கல்லு. ஒரு துள்ளி எறங்கூல்லா."

கட்டிலிலிருந்து பேச்சிமுத்து மெதுவாகச் சொன்னார்: "அந்த இன்டர்லாக்கு நான் போட்டது சேச்சி."

சரோஜம் சங்கடப்பட்டுப்போனாள். "அயோ, ஞான் நிங்களச் சொல்லல."

"சொன்னாலும் தப்பில்ல. ரெண்டு வருசம் முன்ன, அஞ்சு வீட்டுக்கும் நாந்தான் போட்டேன். இவதான் சித்தாளு. பாறப்பொடி போட்டு, தட்டி இறுக்கி, ஒரு நூலு எடவெளி இல்லாம போட்டேன். 'பேச்சி, சேறே இல்லாமப் பண்ணிட்டயே'ன்னு மேல்வீட்டுக்காரக வேட்டி எடுத்துக் குடுத்தாக." சிரித்தார். "அவுகளுக்குச் சேறு இல்ல. சேறெல்லாம் இங்க வந்துட்டு."

சரோஜம் போகிறபோது வாசலில் நின்று ஒரு யோசனை சொன்னாள். மாடியிலிருந்து இறங்குகிற குழாயைத் தரையில் விடாமல் பெரிய டிரம்மில் விட்டால், அந்த அளவு தண்ணீர் சந்துக்கு வராதில்லையா? டிரம் என்றதும் பேச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தார். விரலால் காற்றில் கணக்குப் போட்டார். ஒரு டிரம் பதிமூன்று குடம். வீட்டுக்கு இரண்டு வைத்தால் ஐந்து வீட்டுக்குப் பத்து. நூற்று முப்பது குடம். "எல்லா மழையும் நிக்காது. ஆனா நம்ம படிக்கு மேல வருதுல்லா நாலு வெரக்கடை, அதுல பாதியாவது நிக்கும்" என்றார்.

மறுநாள் காலை நாச்சியார் முதல் வீட்டுக்குப் போனாள். முதல் வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி. தஞ்சாவூர்ப் பக்கத்து முன்னோர்கள் கோயில் வேலைக்கு வந்து அக்கிரகாரத் தெருவில் தங்கிவிட்ட குடும்பம். இடம் போதாமல் இங்கே வீடு கட்டிக்கொண்டவர்கள். மாமி சம்மதித்தாலே மற்ற நாலு வீடும் சம்மதித்த மாதிரி.

"டிரம்மா? எதுக்குடி?"

நாச்சியார் விஷயத்தைச் சொன்னாள். உள்ளேயிருந்து, "ஜயா, யாராக்கும்?" என்று வெங்கடேஸ்வரன் மாமாவின் குரல் கேட்டது.

"நம்ம கொத்தனாரோட ஆம்படையாள். மழை வெள்ளத்தப் பிடிச்சு வைக்கணுமாம்." மாமி திரும்பினாள். "நல்லதுதான். வாரத்துல ரெண்டு நாள் பைப்புல காத்துதான் வரது. செடிக்கு ஆச்சு, பாத்திரம் அலம்ப ஆச்சு. வச்சுட்டுப் போ. ஆனா கொசு வந்துதுன்னா உன்னைத்தான் பிடிப்பேன், கேட்டியோ."

அடுத்த ஐந்து நாள் மழை ஏய்த்தது. கடலுக்கு மேலே நின்று உறுமியதோடு சரி. அந்த ஐந்து நாளில் சாலைக் கடைத்தெருவில் பினாயில் வந்த காலி நீல டிரம்கள் பத்து வந்து சேர்ந்தன. குழாயை அறுத்துத் திருப்ப வேண்டும், டிரம் சாயாமலிருக்கச் செங்கல் மேடை கட்ட வேண்டும். யார் கட்டுவது? பேச்சிமுத்துவின் கூட்டாளிகள் எல்லாம் ஆளுக்கொரு சைட்டில் மாட்டியிருந்தார்கள்.

"நீயே கட்டு" என்றார் பேச்சிமுத்து.

நாச்சியாருக்குச் சிரிப்பு வந்தது. கட்டட வேலையில் பெண் எத்தனை வருஷம் நின்றாலும் சித்தாள்தான். சாந்து குழைக்கலாம், சுமக்கலாம், கல் எடுத்துக் கொடுக்கலாம். கரண்டியைத் தொடுவது ஆண் பிள்ளை வேலை. நேற்று வந்த பயல் ஆறு மாசத்தில் கரண்டி பிடித்துவிடுவான். அவள் பதினாறு வருஷம் சட்டி சுமந்திருக்கிறாள், ஒரு நாள்கூடக் கரண்டி கையில் வந்ததில்லை. அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை.

"எனக்கென்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும் ஒனக்கு. நான் ஒரு கல்லு கோணலா வச்சா மொதல்ல ஒன் மூஞ்சிதான கோணும். பாத்திருக்கேன்லா."

போனை மாமி வீட்டு மதிலில் சாத்திவைத்து அதில் அவர் முகம் தெரிய, இவள் கட்டினாள். "கரண்டியச் சாய்ச்சுப் பிடி. சோறு அள்ளுத மாதிரி அள்ளாத. வீசணும், வீசணும்" என்று போன் கத்தியது. "கத்தாதீக, மாமி சிரிக்காக" என்றாள் இவள். முதல் வீட்டு மேடை கொஞ்சம் கோணல். இரண்டாவது பரவாயில்லை. ஐந்தாம் வீட்டுக்கு வரும்போது போன் பேசாமல் இருந்தது. "என்ன, தூங்கிட்டீகளா?" என்று கேட்டாள். "இல்ல. பாத்துட்டிருக்கேன்" என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் டிரம்முக்குக் கொசுவலை கட்டி, மூடி போட்டு, மூடி மேல் கல் வைத்து, அடியில் குழாய்த் திருகை மாட்டிவிட்டு நாச்சியார் கண்டிப்பாகச் சொன்னாள்: "நல்ல தண்ணி. ஒரு சொட்டு வீணாக்கிராதீக. வேனலுக்கு ஆகும்."

ஆறாம் நாள் மழை வந்தது. இடியைக் கேட்டு ஓடினாள். தண்ணீர் சந்தில் ஓடி வந்தது, படியில் ஏறியது, நிலைப்படியைத் தொட்டது, நின்றது. உள்ளே வரவில்லை. நாச்சியார் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், தாண்டினால் அடிக்கப்போகிற மாதிரி. மழை வெறித்ததும் தண்ணீர் இறங்கிப் போயிற்று. அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு நெத்திலிக் குழம்பு வைத்தாள். பேச்சிமுத்து, "சர்க்கரைக்காரனுக்கு இவ்வளவு சோறா?" என்று கேட்டுவிட்டுச் சட்டியை வழித்தார்.

சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் மழை இரண்டரை மணிக்கே பிடித்துக்கொண்டது. அவள் வருவதற்குள் வீட்டுக்குள் பழையபடி நாலு விரல். கட்டிலில் ஆள் இல்லை.

"ஏங்க!"

"இங்கனதான் இருக்கேன்" என்று புழக்கடை வாசலிலிருந்து குரல் வந்தது.

சர்க்கரைக்காரருக்கு மணிக்கொரு தரம் ஒன்றுக்குப் போக வேண்டும். கக்கூஸ் பின்னால் இருந்தது. போனவர் திரும்புவதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பின் நிலையைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மட்டும் தண்ணீரில் ஊன்றி, கட்டுப் போட்ட வலது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நின்றார். அரை மணி நேரமாக அப்படி நின்றிருக்கிறார். தொடை நடுங்கியது. உதடு வெளுத்திருந்தது. ஆனால் கட்டு நனையவில்லை.

நாச்சியார் முந்தானையை இறுக்கிச் செருகினாள். அவருக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக் குனிந்தாள். "ஏறுங்க."

"போ ட்டீ. ஒன்னால முடியாது."

"ஏறுங்கன்னா ஏறுங்க. மூணு மாடி சட்டி சொமந்த முதுகுதான் இது."

ஏறினார். அவள் நிலையைப் பிடித்து எழுந்து, ஒரு எட்டு, இரண்டு எட்டு என்று தண்ணீருக்குள் தடவித் தடவி நடந்தாள். அவருடைய மூச்சு அவள் காதில் சுட்டது. "கனமா இருக்கேனா?" என்று கேட்டார்.

"எட்டுச் சட்டி கனம் இருக்கீக. முன்னப் பத்துச் சட்டி இருப்பீக."

கட்டிலில் இறக்கினதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. யாரோ குழாயைக் கழற்றிவிட்டார்கள். இல்லாமல் எப்படி இவ்வளவு தண்ணீர் வரும்? குடைகூட எடுக்காமல் சந்தில் ஏறினாள்.

யாரும் எதையும் கழற்றவில்லை. ஐந்து வீட்டிலும் பத்து டிரம்மும் அவள் வைத்தபடியே இருந்தன. மூடி இருந்தது, மூடி மேல் கல் இருந்தது. மூடியின் விளிம்பு வழியாகச் சுற்றிலும் தண்ணீர் பொங்கி வழிந்து, வழுவழுப்பான கல் தரையில் ஒரு துளி நிற்காமல் சந்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜெயலக்ஷ்மி மாமி போர்ட்டிகோவில் நின்று பெருமையாகச் சொன்னாள்: "பாத்தியோ? நீ சொன்னாப்ல ஒரு சொட்டு எடுக்கலே. செடிக்குக்கூட விடலே. பைப்புல வந்ததையே விட்டேன். அப்படியே வச்சிருக்கேன்."

நாச்சியார் நனைந்தபடி அந்த டிரம்மைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்று ஒரே மழையில் நிறைந்துபோயிருக்கிறது. நிறைந்த டிரம்மில் இன்றைய மழைக்கு இடம் ஏது? வேறு யாராவது செய்த தப்பு என்றால் திட்டலாம். இது அவளே வீடு வீடாகப் போய் உத்தரவு போட்டுச் செய்த தப்பு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கும் தோணலயே. நெறஞ்ச டிரம்மு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? காலியா இருந்தாத்தான டிரம்மு. தெனம் காலையில தொறந்து விட்டிரணும் நாச்சியா."

"என்னது, தண்ணியக் கொட்டச் சொல்லுதீகளா?"

"ஆமா."

"என்னால ஆகாது."

பிடிவாதம் இல்லை அது. அவள் பிறந்த ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று மைல். ஒன்பது வயசில் வரப்பு வழுக்கிக் குடத்தைப் போட்டதற்கு அவள் அய்யா அடித்த அடியின் தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. பாத்திரம் கழுவின தண்ணீரைத் தரைக்கு, தரை துடைத்த தண்ணீரைச் செடிக்கு என்று வளர்ந்த கை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் பதினெட்டு வருஷம் இருந்தும் அந்தக் கை மாறவில்லை. பேச்சிமுத்துவுக்கும் அது தெரியும். அவரும் அதே கரிசல்தான்.

"பாரு," என்றார், "கொட்டுததுன்னு நெனைக்காத. மண்ணுக்குள்ள விடுதோம். அங்கருந்து கெணத்துக்குப் போவும்."

"எந்த மண்ணுல விட? நீங்கதான் ஒரு நூலு எடவெளி இல்லாமப் போட்டு வச்சிருக்கீகளே. தொறந்துவிட்டா காலையிலயே நம்ம வாசலுக்குத்தான் வரும்."

அவர் விரலால் காற்றில் ஒரு கட்டம் போட்டார். பிறகு, "அப்பம் அந்தக் கல்லைப் பேத்து எடுக்கணும்" என்றார்.

காலையில் போய்க் கேட்டபோது மாமி முகம் மாறிவிட்டது. "இன்டர்லாக்கைப் பேக்கறதா? விளையாடறயா? எம் பிள்ளை மஹேஷ் ஆசையாப் போட்டுக் குடுத்ததாக்கும் அது. கிறிஸ்மஸ் லீவுக்குக் காரோட வரான். முத்தத்துல குழி வெட்டி வச்சா என்ன சொல்லுவான்? டிரம் வைக்கச் சொன்னே, வச்சேன். இதுக்கு மேலே என்னைக் கேக்காதே."

நாச்சியார் வாதாடவில்லை. வாதாடத் தெரிந்தவளும் இல்லை. "ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க மாமி" என்றாள்.

"எங்க?"

"எங்க வீட்டுல."

தூரம் ஒன்றும் இல்லை, அறுபது எட்டுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் மாமி சந்தின் அடிவரை இறங்கினதில்லை. இறங்க வேண்டிய வேலை வந்ததில்லை. கூப்பிட்டவளுக்கே, கூப்பிட்டுவிட்டோமே என்று இருந்தது. மாமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வாசலில் சேறு இன்னும் காயவில்லை. மாமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரில் வரிவரியாகத் தண்ணீர் நின்ற கோடுகளைப் பார்த்தாள். செங்கல்லுக்கு மேல் செங்கல் வைத்து உயர்த்தின கட்டிலைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போன பேச்சிமுத்துவை, "படுத்துக்கோங்கோ, படுத்துக்கோங்கோ" என்று கையமர்த்தினாள். கட்டில் காலைச் சுற்றிப் படிந்திருந்த வண்டலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். சிவந்த காம்போடு வெள்ளைப் பூ, பத்துப் பன்னிரண்டு, சேறோடு சேறாக.

"பவழமல்லின்னா இது? எங்காத்துப் பவழமல்லி."

"ஆமா மாமி. தெனம் வரும்" என்றாள் நாச்சியார்.

"இந்தத் தெருவுல நம்மாத்துல மட்டும்தானே உண்டு." மாமி நிமிர்ந்தாள். "சாயங்காலம் பெருக்கப் போனா மரத்தடிச் சுவட்டுல பூவே இருக்காது. காத்துல போயிடறதுன்னு நினைச்சேன். எங்காத்து வெள்ளம் எங்க போறதுன்னு நான் நினைச்சதே இல்லேடி."

பேச்சிமுத்து கட்டிலிலிருந்து சொன்னார்: "நீங்க சொல்லித்தான் போட்டேன், நல்லாத்தான் போட்டேன் மாமி. கொஞ்சம் கொறச்சு நல்லாப் போட்டிருக்கலாம்."

மாமி சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். போகிறபோது படியில் நின்று, "பவழமல்லிச் சுவட்டுலேர்ந்து மதில் வரைக்கும் எடுத்துக்கோ. கார் அது வரைக்கும் வரவேண்டாம். மஹேஷ்ட்ட நான் சொல்லிக்கறேன். மத்த ஆத்துக்காராட்டயும் நான் பேசறேன்" என்றாள்.

அன்று ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு நாச்சியார் கடப்பாரையோடு போனாள். முதல் கல்லைப் பெயர்க்கத்தான் பாடு. அவ்வளவு இறுக்கமாக அவளே எடுத்துக் கொடுத்து அவரே போட்டது. ஒன்று வந்ததும் மற்றவை வரிசையாக வந்தன. கல்லுக்கு அடியில் பாறைப்பொடி. அதையும் வழித்தாள். அதற்கு அடியில் செம்மண். கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக ஊரெல்லாம் மழை, இந்த மண் சித்திரை மாதத்து மண் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு வருஷமாக ஒரு சொட்டு படவில்லை அதன் மேல்.

இடுப்பளவு குழி வெட்டி அடியில் உடைந்த செங்கல் போட்டாள். டிரம் நிரம்பினால் மிச்சம் குழிக்குப் போகிற மாதிரி மேலே ஒரு குழாய். பிறகு அடிக்குழாயைத் திறக்க வேண்டும். திருகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மாமி போர்ட்டிகோவிலிருந்து, "என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மாமி."

திறந்தாள். பதிமூன்று குடம் தண்ணீர் கைவிரல் கனத்தில் ஓடிக் குழியில் விழுந்தது. தேங்கும் என்று பார்த்தால் தேங்கவில்லை. விழ விழ மண் இழுத்துக்கொண்டது, தாகத்துக்கு வந்த ஆள் சொம்பைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி. மண்வாசனை குபீரென்று வந்தது. "குடி, குடி" என்று நாச்சியார் தன்னையறியாமல் சொன்னாள். வீணாகக் கொட்டுகிறோம் என்ற பயம் அங்கேயே போயிற்று.

ஐந்து வீட்டையும் முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தில் மூன்று மழை. ஒன்றில் தண்ணீர் உள்ளே வந்தது, இரண்டு விரல். மற்ற இரண்டில் படியோடு நின்றது. நாலாம் வீட்டுக்காரர் மட்டும் முனகிக்கொண்டே இரண்டு வரிசைதான் எடுக்கவிட்டார். அது போதும். தினம் விடிந்ததும் நாச்சியார் சந்தில் ஏறிப்போய்ப் பத்துத் திருகையும் திறந்துவிட்டு, ஓட்டலுக்குப் போகிற வழியில் மூடிக்கொண்டு போவாள்.

அந்த வருஷத்துப் பெரிய மழை ஐப்பசி கடைசியில் வந்தது. காற்றழுத்தம் என்று காலையிலிருந்தே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டலில் சாப்பாட்டுக் கூட்டம். நாச்சியார் கத்தியை வைத்துவிட்டு எழுந்தபோது கிழக்கேகோட்டையே மழைக்குள் மறைந்துவிட்டது. பஸ்கள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றன. முழங்கால் தண்ணீரில் நடந்தாள். இப்படிப்பட்ட மழைக்கு டிரம் என்ன செய்யும், குழி என்ன செய்யும் என்று போகிற வழியெல்லாம் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அவர் பின்கட்டுக்குப் போயிருந்தால்? நிலையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்? போன் பண்ணினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். எடுக்கவில்லை. சந்தில் இறங்கும்போது அழுதுகொண்டே ஓடினாள். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படியில் ஏறியிருந்தது. நிலைப்படிக்கு ஒரு விரல் கீழே, அங்கேயே தத்தளித்துக்கொண்டிருந்தது. தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

பேச்சிமுத்து கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டின் மேல் அத்தனை சத்தம், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு தூற்றல் விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. போன் தலையணைக்கடியில் கிடந்து மினுங்கியது. புரண்டு படுத்ததில் வலது கால் கட்டிலை விட்டுச் சரிந்து, கட்டோடு, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாச்சியார் சொட்டச் சொட்ட நிலையருகிலேயே குத்தவைத்தாள். கையை நீட்டி அந்தக் காலுக்குக் கீழே தரையைத் தடவிப் பார்த்தாள். கையில் தூசி ஒட்டியது.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மாமி.

"நாச்சியாரே, என்னடி மழை இது! டிரம் நிறைஞ்சு குழிக்குள்ள போயிண்டே இருக்கு. அங்க வெள்ளம் வந்துடுத்தோ? கொத்தனார் எப்படி இருக்கார்?"

"மெல்லப் பேசுங்க மாமி," என்றாள் நாச்சியார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. "தூங்குதாக."

காலை எடுத்துக் கட்டிலில் வைக்கலாம் என்று நினைத்தாள். வைத்தால் விழித்துவிடுவார். தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.